நாய்க்கு உதவிய மீட்புப் படை: ஆங்கிலத் தலைப்புகளில் இரட்டை அர்த்தம் எப்படி வருகிறது?

கேள்வி இதுதான்: ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில் சில சமயம் செய்திக்குச் சம்பந்தமே இல்லாத வேடிக்கையான அர்த்தம் ஒன்று தோன்றுகிறதே, அது எப்படி வருகிறது? எழுதியவருக்குத் தெரியாதா? அன்றாட ஆங்கிலத்திலும் இப்படி உண்டா?

செய்தி மேசையில் தலைப்புப் போடும் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஆங்கிலச் சொல் ஒன்று பெயரா வினையா என்பது பெரும்பாலும் அதன் உருவத்தில் தெரியாது. பக்கத்தில் நிற்கும் சின்னச் சின்னச் சொற்கள்தான் அதைச் சொல்லும். தலைப்பு எழுதும்போது இடம் போதாமல் முதலில் வெட்டுவது அந்தச் சின்னச் சொற்களைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

பிரபலமான உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘ஸ்க்வாட் ஹெல்ப்ஸ் டாக் பைட் விக்டிம்.’ நாய்க்கடி பட்ட ஒருவருக்கு மீட்புப் படை உதவியது என்பது செய்தி. ஆனால் ‘ஹெல்ப்ஸ் டாக்’ என்ற இடத்தில் மனம் ஒரு விநாடி நின்றுவிட்டால் கதையே வேறு. படை நாய்க்கு உதவுகிறது. எதற்கு உதவுகிறது? ‘பைட் விக்டிம்.’ பாவப்பட்ட அந்த ஆளைக் கடிப்பதற்கு! முதல் அர்த்தத்தில் ‘பைட்’ பெயர்ச்சொல், இரண்டாவதில் வினைச்சொல். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. ‘டாக்’, ‘பைட்’ இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கோடு போட்டிருந்தால் போதும், நாய் ஒதுங்கியிருக்கும். அமெரிக்காவின் கொலம்பியா ஜர்னலிசம் ரிவ்யூ என்ற இதழ், பத்திரிகைகளின் இப்படிப்பட்ட சறுக்கல்களைத் திரட்டி ‘தி லோயர் கேஸ்’ என்ற பகுதியில் போட்டுவந்தது. அவற்றை 1980-இல் புத்தகமாகத் தொகுத்தபோது இந்த நாய்த் தலைப்பையே புத்தகத்துக்கும் தலைப்பாக வைத்தார்கள்.

தமிழில் அந்தக் கோட்டின் வேலையை ஒரு க் செய்துவிடுகிறது. ‘நாய்க்கடி’ என்று எழுதினால் அது ஒரே பெயர், கடி வாங்கியவர் பாதுகாப்பாக இருக்கிறார். ‘வேலை கொடு’ என்றால் வேலைவாய்ப்பு, ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேல் என்று தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லும் உதாரணமும் இதே வகைதான். ஒற்று தேவையில்லை என்று விட்டுவிடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்காகத் தமிழில் இந்தச் சிக்கலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ‘நாய் கடித்த சிறுவன்’ என்று எழுதினால் நாயால் கடிபட்டவனா, நாயைக் கடித்தவனா? உலக அனுபவம்தான் நமக்கு விடை சொல்கிறது, இலக்கணம் சொல்லவில்லை. தொல்காப்பியம் இதைக் கவனித்து ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பெயரே வைத்திருக்கிறது. உரைகாரர்கள் தரும் உதாரணம் ‘புலி கொல் யானை’. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? பின்னால் வரும் சொல்லை வைத்துத் தெரிந்துகொள் என்கிறார்கள். ‘புலி கொல் யானை ஓடுகிறது’ என்றால் யானை உயிரோடு இருக்கிறது. ‘புலி கொல் யானையின் கோடு வந்தது’ என்றால், தந்தம் தனியாக வந்துவிட்டது, யானை போய்விட்டது. தலைப்பு எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து எந்த மொழியிலும் இல்லை. உருபு தொகும்போதுதான், அதாவது மறையும்போதுதான், தடுமாற்றம் வருகிறது என்பதையும் பாருங்கள். தமிழில் எப்போதாவது நடப்பது ஆங்கிலத்தில் அன்றாடம் நடக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போக அவற்றில் பெரும்பாலானவை தேய்ந்து உதிர்ந்துவிட்டன.

ஒரே தலைப்பில் இலக்கணம் முழுக்கத் தலைகீழாகும் அழகைப் பார்க்க ‘டீச்சர் ஸ்ட்ரைக்ஸ் ஐடில் கிட்ஸ்’ போதும். ‘ஸ்ட்ரைக்ஸ்’ என்பதைப் பெயராக எடுத்தால் ஆசிரியர்களின் வேலைநிறுத்தங்கள். அப்போது ‘ஐடில்’ வினையாகி, அவை பிள்ளைகளைப் படிப்பில்லாமல் சும்மா உட்கார வைத்துவிட்டன என்று பொருள். ‘ஸ்ட்ரைக்ஸ்’ என்பதை வினையாக எடுத்தால் ஆசிரியர் அடிக்கிறார். உடனே ‘ஐடில்’ பெயரடையாகிவிடுகிறது, சோம்பேறிப் பிள்ளைகளுக்கு அடி விழுகிறது. ஒரு சொல் மாறினால் அடுத்த சொல்லும் மாறியே ஆக வேண்டும். ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த நான்கு சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால், ஒரு மணி நேரப் பாடம் பத்து நிமிடத்தில் முடியும்.

அடுத்தது, தலைப்புக்கென்றே இருக்கும் தனி நடை. ‘எ’, ‘தி’ போகும். ‘இஸ்’, ‘ஆர்’ போகும். நேற்று நடந்தது நிகழ்காலத்தில் வரும், நாளை நடக்கப்போவது ‘டு’ என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். ‘மைனர்ஸ் ரிஃப்யூஸ் டு வர்க் ஆஃப்டர் டெத்’ என்பதில் ‘டெத்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருக்க வேண்டிய ‘எ’ காணாமல் போனதுதான் பிரச்சினை. சக தொழிலாளி ஒருவர் இறந்ததால் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். எழுத்து ஒன்று குறைந்ததும், தாங்கள் செத்த பிறகு வேலை செய்ய மாட்டோம் என்று அவர்கள் சொல்வதாக ஆகிவிட்டது. ‘டு’ படுத்தும் பாட்டுக்கு ‘ஜுவெனைல் கோர்ட் டு ட்ரை ஷூட்டிங் டிஃபெண்டன்ட்’. துப்பாக்கிச்சூட்டு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைச் சிறார் நீதிமன்றம் விசாரிக்கப் போகிறது. இன்னொரு வாசிப்பில் ‘ட்ரை’ விசாரணையாக இல்லாமல் முயற்சியாகி, அவரைச் சுட்டுப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் முயற்சி செய்யப் போகிறது.

இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு என்றால், பத்தியின் அகலம். அச்சுக் காலத்தில் ஆங்கிலத் தலைப்பை எழுத்தெண்ணித்தான் எழுதுவார்கள். சாதாரணச் சிறிய எழுத்துக்கு 1, எம், டபிள்யூ போன்ற அகல எழுத்துக்கு 1½, ஐ, எல் போன்ற ஒல்லி எழுத்துக்கு ½ என்று மனக்கணக்கு. ஒற்றைப் பத்தியில் மூன்று வரியில் தலைப்புப் போட வேண்டும், வரிக்கு எட்டு ஒன்பது எண்ணிக்கைதான் என்றால், ‘இன்வெஸ்டிகேஷன்’ என்ற சொல் உள்ளேயே நுழையாது. ‘ப்ரோப்’ நுழையும். ஆதரவுக்கு ‘பேக்’, முயற்சிக்கு ‘பிட்’, நீக்கத்துக்கு ‘ஆக்ஸ்’, கைதுக்கு ‘ஹெல்ட்’ எல்லாம் இப்படி வந்தவைதான். இந்த நடையின் உச்சம் என்று 1935-இல் வெரைட்டி இதழ் போட்ட ‘ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்’ தலைப்பைச் சொல்வார்கள். கிராமத்து வாழ்க்கையைக் காட்டும் படங்களைக் கிராமத்து ரசிகர்களே ஒதுக்குகிறார்கள் என்பது செய்தி. நான்கே சொற்கள்!

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. லத்தீன் வழி வந்த நீண்ட சொற்களில் வாலைப் பார்த்தாலே இனம் தெரிந்துவிடும். ‘இன்வெஸ்டிகேஷன்’ என்ற சொல் பெயரைத் தவிர வேறாக இருக்க முடியாது, ‘இன்வெஸ்டிகேட்’ வினையைத் தவிர வேறாக இருக்க முடியாது. ‘ப்ரோப்’ இரண்டாகவும் இருக்கும். குட்டைச் சொற்கள்தான் இரண்டு வேடமும் போடுபவை. ஆக, இடம் மிச்சம் பிடிக்க எந்தச் சொற்களைத் தேடிப் போகிறோமோ, அவையேதான் அதிகம் குழப்பும் சொற்கள்.

இந்த வகைத் தலைப்புகளுக்கு ஆங்கிலத்தில் இப்போது ஒரு பெயரும் உண்டு: ‘கிராஷ் பிளாசம்ஸ்’. 2009-இல் ஜப்பான் டுடே என்ற செய்தித் தளம் ‘வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜேஏஎல் கிராஷ் பிளாசம்ஸ்’ என்று ஒரு தலைப்புப் போட்டது. 1985 ஆகஸ்ட் 12 அன்று நடந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் 520 பேர் இறந்தார்கள். அதில் தந்தையை இழந்த ஒரு பெண் வயலின் கலைஞராக மலர்ந்து வருகிறார் என்பது செய்தி. ‘பிளாசம்ஸ்’ அங்கே வினை, மலர்கிறார். ஆனால் படிப்பவர் கண்ணுக்கு ‘கிராஷ் பிளாசம்ஸ்’ ஒரே தொடராகத் தெரிந்து, விபத்து மலர்கள் என்றால் என்ன பூ என்று திகைக்க வைத்தது. ஆங்கிலப் பிரதி திருத்துநர்கள் அந்தத் தொடரையே எடுத்து இந்த வகைக்கு மொத்தப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். 2010-இல் மொழி எழுத்தாளர் பென் ஸிம்மர் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதிய பிறகு பெயர் பரவலாக நிலைத்துவிட்டது.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது ஒன்று உண்டு. இப்படிச் சிரிப்பு வரவழைக்கும் தலைப்புகளில் பல, சாவைப் பற்றியவை. 2019-இல் பிரிட்டனில் மருத்துவமனைகளில் கொடுத்த சாண்ட்விச்சில் லிஸ்டீரியா கிருமி கலந்து நோயாளிகள் இறந்தார்கள். எந்தெந்த மருத்துவமனைகள் என்ற பெயர் வெளியானபோது பிபிசி இணையதளத்தில் வந்த தலைப்பு: ‘ஹாஸ்பிடல்ஸ் நேம்ட் ஆஃப்டர் சாண்ட்விச்சஸ் கில் ஃபைவ்’. ‘நேம்ட் ஆஃப்டர்’ என்பது ஆங்கிலத்தில் ஒருவர் பெயரைச் சூட்டுவதைக் குறிக்கும் கெட்டியான தொடர். அதனால், சாண்ட்விச் பெயர் சூட்டிய மருத்துவமனைகள் ஐந்து பேரைக் கொன்றன என்று உலகம் முழுக்கப் பகிர்ந்து சிரித்தார்கள். ‘நேம்ட்’ முடிந்ததும் ஒரு காற்புள்ளி வைத்திருக்கலாம். அதைவிட நல்லது, வரிசையை மாற்றுவது. தமிழில் ‘சாண்ட்விச் சாப்பிட்ட ஐந்து பேர் பலி: மருத்துவமனைகளின் பெயர் வெளியீடு’ என்று போட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஐந்து குடும்பங்களின் துக்கம் ஒரு நகைச்சுவைத் துணுக்காக ஊர் சுற்றியிருக்க வேண்டியதில்லை.

படிப்பவர் ஏன் தவறான அர்த்தத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்? நாம் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து அர்த்தம் செய்துகொள்வதில்லை. ஒவ்வொரு சொல் வரும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். உளமொழியியலாளர் தாமஸ் பீவர் 1970-இல் தந்த வாக்கியம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது: ‘தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்.’ ‘குதிரை களஞ்சியத்தைக் கடந்து ஓடியது’ என்று முடித்துவிட்ட நேரத்தில் ‘ஃபெல்’ வந்து நிற்கும். திரும்பிப் போய், ‘களஞ்சியத்தைக் கடந்து ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது’ என்று மறுபடி படிக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியம் ஏன் கடினம் என்றே புரியாது, ஏனென்றால் ‘ஓட்டப்பட்ட’ என்ற பெயரெச்சம், அடுத்து ஒரு பெயர் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ‘ரேஸ்ட்’ அப்படி எதுவும் சொல்லாது.

இயந்திரமும் இதில் திணறியது. 1960-களில் ஹார்வர்டில் அந்தோனி ஓட்டிங்கர், சுசுமு குனோ ஆகியோர் கணினியை வைத்து ஆங்கில வாக்கியங்களைப் பகுத்துப் பார்த்தபோது, ‘டைம் ஃப்ளைஸ் லைக் ஆன் ஏரோ’ என்ற சாதாரண வாக்கியத்துக்கே கணினி பல பொருள் கண்டது. காலம் அம்புபோலப் பறக்கிறது என்பது நாம் எடுப்பது. ‘டைம்’ வினையானால், அம்பை நேரம் கணிப்பதுபோல ஈக்களின் வேகத்தைக் கணி என்ற கட்டளை. ‘டைம் ஃப்ளைஸ்’ ஓர் ஈ வகையானால், அந்த ஈக்களுக்கு அம்பு பிடிக்கும். மனிதர்களுக்கு இவை தோன்றாததற்குக் காரணம் இலக்கணம் இல்லை, உலக அனுபவம்தான்.

பெரிய எழுத்து தரும் தொல்லை தனி. 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லண்ட் தீவுப் போர்க் காலத்தது என்று சொல்லி வழங்கும் தலைப்பு ‘பிரிட்டிஷ் லெஃப்ட் வாஃபிள்ஸ் ஆன் ஃபாக்லண்ட்ஸ்’. பிரிட்டனின் இடதுசாரிகள் இந்த விஷயத்தில் பிடிகொடுக்காமல் வளவளக்கிறார்கள் என்று பொருள். ஆனால் தலைப்பில் எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கினால், ‘லெஃப்ட்’ இடதுசாரியா, விட்டுச் சென்றதா என்று பிரித்தறிய வழியில்லை. பிரிட்டிஷார் தீவில் வாஃபிள் பணியாரங்களை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தெரேசா மே பிரதமராக இருந்த காலத்தில் ‘மே’ என்று தலைப்புத் தொடங்கினால் அது மாதமா, ‘ஒருவேளை’ என்ற துணைவினையா, பிரதமரா என்று ஒரு கணம் பார்க்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ரெடிங் என்று ஓர் ஊர். எழுத்தில் பார்த்தால் அது வாசிப்பைக் குறிக்கும் ‘ரீடிங்’ போலவே இருக்கும்.

நம் நாட்டு ஆங்கிலப் பேப்பர்களில் இந்த வேலையைச் சுருக்கப் பெயர்கள் செய்கின்றன. ‘எம்பி’ நாடாளுமன்ற உறுப்பினரும்தான், மத்தியப் பிரதேசமும்தான். ‘எஸ்சி’ உச்ச நீதிமன்றமும்தான், பட்டியல் சாதியினரும்தான். இடஒதுக்கீட்டுச் செய்திகளில் இரண்டும் ஒரே தலைப்பில் வர நேரும்போது இது வேடிக்கையாக முடிவதில்லை, விஷயமே தப்பாகப் போய்ச் சேரும். அங்கே ஒன்றையாவது விரித்து எழுதியே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அன்றாட ஆங்கிலத்துக்கு வருவோம். லண்டன் பாதாள ரயில் நிலையங்களின் நகரும் படிக்கட்டருகே ‘டாக்ஸ் மஸ்ட் பி கேரிட்’ என்று எழுதியிருக்கும். நாய் வைத்திருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள் என்று பொருள். ஒரு தொழிற்சாலை வாசலில் ‘ஹெல்மெட்ஸ் மஸ்ட் பி வோர்ன்’ என்று இருந்தால்? ஹெல்மெட் வைத்திருப்பவர் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாரும் எடுக்க மாட்டோம், எல்லோரும் கட்டாயம் போட வேண்டும். இரண்டு வாக்கியத்துக்கும் அச்சு அசலாக ஒரே இலக்கணம். அதே கண்ணால் முதல் பலகையைப் படித்தால், ஆளுக்கொரு நாயைத் தூக்கிக்கொண்டுதான் படிக்கட்டில் ஏற முடியும்.

‘ஃப்ளையிங் ப்ளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்’ என்ற மொழியியல் வகுப்பு வாக்கியத்தில், விமானம் ஓட்டுவது ஆபத்தா, பறக்கும் விமானங்கள் ஆபத்தா என்று கடைசிவரை தெரியாது. ‘ஐ ஸா ஹெர் டக்’ என்றால் அவளுடைய வாத்தைப் பார்த்தேன், அல்லது அவள் சட்டென்று குனிந்ததைப் பார்த்தேன். ‘ரிஃப்யூஸ்’ மட்டும் எழுத்தில்தான் ஏமாற்றும், குப்பை என்றால் முதல் அசையில் அழுத்தம், மறுப்பது என்றால் இரண்டாவது அசையில். பேச்சில் தப்பித்துவிடும்.

சிரிக்க முடியாத வழக்கும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டுப் போட்ட வழக்கு, அந்த ஊதியம் தர வேண்டாத வேலைகளைச் சொல்லும் சட்டப் பட்டியலில் கடைசிப் பெயருக்கு முன்னால் ஒரு காற்புள்ளி இல்லாததால் அவர்கள் பக்கம் திரும்பியது. ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதில் வினியோகம் தனி வேலையா, பேக்கிங்கின் பகுதியா என்பதுதான் கேள்வி. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் தெளிவில்லை என்றது, 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

நம்மவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று ‘பாஸ் அவுட்’. சென்னையிலோ கோவையிலோ ‘மை டாட்டர் பாஸ்ட் அவுட் லாஸ்ட் இயர்’ என்றால் பெண் படிப்பை முடித்துவிட்டாள், வாழ்த்துச் சொல்வார்கள். அமெரிக்காவில் சொன்னால், மயங்கி விழுந்தாளா, இப்போது எப்படி இருக்கிறாள் என்று பதறுவார்கள். நம் வழக்கு தவறு என்று சொல்ல மாட்டேன். ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்பை ஆங்கிலேயர்களே ‘பாஸிங் அவுட் பரேட்’ என்றுதான் சொல்கிறார்கள், சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் அதே பெயர்தான். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிடுங்கள்.

இனி, எழுதியவருக்குத் தெரியாதா என்ற கேள்வி. சில சமயம் தெரிந்தே செய்வார்கள், அது சிலேடை. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் காளமேகப் புலவர் பொருள் வைத்தபோது இரண்டு பொருளும் முழுசாக நிற்கும்படி கட்டினார், ஒன்று குறைந்தாலும் பாட்டு இல்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் தலைப்புகளில் இரண்டாவது பொருளை யாரும் அழைக்கவில்லை. இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்று இல்லாமல் வருபவற்றில் சிரிப்புக்காக யாரோ கட்டியவையும் கலந்திருக்கும், அவற்றை ரசிக்கலாம், ஆதாரமாகக் காட்டக் கூடாது.

உண்மையில் நடந்தவற்றில் எழுதியவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அவர் செய்தியை முழுசாகப் படித்துவிட்டுத்தான் தலைப்புப் போடுகிறார். நாய் யாரைக் கடித்தது என்று அவருக்குத் தெரியும், அதனால் வேறு அர்த்தம் மனத்தில் எழாது. வாசகருக்கோ தலைப்புதான் முதலில். இதனால்தான் பழைய செய்தி மேசைகளில் ஒருவர் போட்ட தலைப்பை இன்னொருவர் பார்க்காமல் அச்சுக்கு விட மாட்டார்கள். செய்தியைப் படிக்காத ஒருவரிடம் தலைப்பை மட்டும் நீட்டி, என்ன புரிகிறது என்று கேட்பது நல்ல வழி. தொடரை வரி மாறும் இடத்தில் உடைக்கிறோமா என்று பார்ப்பது இன்னொன்று. பெயராகவும் வினையாகவும் நிற்கக்கூடிய குட்டைச் சொற்கள் அடுத்தடுத்து இரண்டு வந்தால் ஒன்றை மாற்றிவிடுவது மூன்றாவது. இன்று இணையத்தில் பல இடங்களில் எழுதியவரே தலைப்பும் போட்டு அவரே வெளியிடுகிறார், அந்த இரண்டாவது கண் இல்லை. அப்படி வேலை பார்ப்பவர்கள், தலைப்பில் உள்ள வினைச்சொல் எது என்று விரலை வைத்துக் காட்டிப் பாருங்கள். இரண்டு இடத்தில் விரல் வைக்க முடிந்தால் அந்தத் தலைப்பைத் திரும்ப எழுதுங்கள்.